படையில் போட்ட அப்பீல் அசையவில்லையா? குடியாத்தம் மாடி ஆபீஸ் பற்றி ஓர் அக்காவின் மதிப்புரை

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். ஒன்றைக் குறைத்த காரணம் பின்னால் வரும்.

மத்தியப் படையில் இருந்த பிள்ளை டிஸ்மிஸ் ஆகி வீட்டுக்கு வந்து, மேலதிகாரிக்கு அப்பீல் போட்டு, அதற்கு முடியும் என்றோ முடியாது என்றோ ஒரு வரி பதிலும் வராமல் காத்துக் கிடக்கும் வீடுகள் எங்கள் எல்லைப் பக்கத்தில் நிறைய உண்டு. வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பேர். அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் குடியாத்தம், கே.வி.குப்பம், எங்கள் பரதராமி, எல்லை தாண்டினால் சித்தூர், பலமனேர், வி.கோட்டா என்று எங்கே போனாலும் தெருவுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் வீடு இருக்கும். செலக்‌ஷனுக்கு எப்படி ஓடுவது, என்ன படிப்பது என்று சொல்லித்தர ஊருக்கு நாலு கோச்சிங் சென்டர் இருக்கிறது. வேலை போனால் என்ன செய்வது என்று சொல்ல ஆள் இல்லை. எனக்குத் தெரிந்து ஒழுங்காகச் சொல்கிற ஒரே இடம் குடியாத்தம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் இந்த ஆபீஸ்தான்.

அப்பாவும் மகளுமாக நடத்துகிறார்கள். அப்பா ராணுவத்தில் கிளார்க்காக இருந்து நாயப் சுபேதாராக ரிட்டயர் ஆனவர். மகள் வக்கீல். வாரத்தில் பாதி நாள் சென்னை உயர்நீதிமன்றம், மீதி நாள் வேலூர். இவர்கள் பெயரை நான் எழுதவில்லை. வக்கீல்கள் தங்களை விளம்பரப்படுத்திக்கொள்ளக் கூடாது என்பது பார் கவுன்சிலின் 36ஆவது விதி. "நல்லதா எழுதறதா இருந்தாலும் பேர் வேணாம்மா, பொண்ணுக்குச் சிக்கலாகும்" என்று ஐயா கேட்டுக்கொண்டார். பஸ் ஸ்டாண்டில் மிலிட்டரி கேஸ் எழுதுகிற ஐயா என்று விசாரித்தால் வழி காட்டுவார்கள்.

எங்கள் விஷயம் இதுதான். என் தம்பி ஒரு மத்தியப் படையில் கான்ஸ்டபிள். எந்தப் படை என்பது இங்கே வேண்டாம். சம்மரி கோர்ட் வைத்து டிஸ்மிஸ் செய்தார்கள். சம்மரி கோர்ட் என்றால் கமாண்டன்ட் ஒருவரே கோர்ட். கூட இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள், ஆனால் தீர்ப்பும் தண்டனையும் அவர் ஒருவர் கையில். தம்பி சட்டப்படி மேலே மனுப் போட்டான். அது போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி இருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கும் மேல் எந்தப் பதிலும் இல்லை. போன் செய்தால் "அண்டர் கன்சிடரேஷன்" என்பார்கள், அல்லது வேறு ஒரு நம்பரைக் கொடுப்பார்கள். அவன் ஒசூரில் ஒரு கம்பெனி வாசலில் நைட் ஷிப்ட் செக்யூரிட்டியாக நிற்கப் போய்விட்டான். பரதராமியில் தையல் கடை வைத்திருக்கும் நான்தான் பேப்பரைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

பதில் வராதது எவ்வளவு பெரிய தண்டனை என்பது வெளியில் இருப்பவர்களுக்குப் புரிவதில்லை. அப்பீல் தள்ளுபடி ஆனால் அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போகலாம். கிடப்பில் கிடந்தால், கோர்ட்டுக்கு நேரே போனாலும் "உங்கள் அப்பீல் இன்னும் நிலுவையில் இருக்கிறதே" என்ற கேள்வி வரும். வயது ஏறும். வேறு அரசு வேலைக்கு விண்ணப்பித்தால் முன்பு பணிநீக்கம் செய்யப்பட்டிருக்கிறீர்களா என்ற கட்டத்தில் ஆம் என்று எழுத வேண்டும். பெண் பார்க்கப் போன இடத்தில் "கேஸ் முடியட்டும்" என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கேஸ் எப்போது முடியும் என்று சொல்ல ஒரு மனிதர் இல்லை.

இந்த ஆபீஸுக்குப் போவதற்கு முன் வேறு ஓர் இடத்தில் பணம் கட்டினோம். அவர்கள் கேட்டது எல்லாம் அட்வான்ஸ் மட்டும்தான், பேப்பரைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. இங்கே ஐயா முதலில் கேட்டது, "டிஸ்மிஸ் ஆர்டர் வந்த கவர் இருக்கா?"

ஆர்டர் பத்திரமாக இருந்தது. கவரை யார் வைத்திருப்பார்கள்? நல்ல வேளையாக அம்மா அதைப் பீரோவில் மின்சார ரசீதுகளோடு மடித்து வைத்திருந்தாள். காக்கி கவர், ஓரம் பூச்சி அரித்து, பரதராமி தபால் முத்திரை பாதி அழிந்து கிடந்தது. ஐயா அதை டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்து, லென்ஸ் வைத்துத் தேதியைப் படித்து, முன்பக்கமும் பின்பக்கமும் ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னார். ஏன் என்று பிறகு விளக்கினார். தம்பி டிஸ்மிஸ் ஆனது வடக்கே ஒரு மாநிலத்தில், அப்பீல் கிடப்பது டெல்லியில். வழக்கைச் சென்னையில் போட முடியுமா என்பதே முதல் சண்டையாக இருக்கும். அரசியல் சட்டப் பிரிவு 226(2)இன்படி வழக்குக்கான காரணத்தில் ஒரு பகுதி எங்கே எழுந்ததோ அந்த உயர்நீதிமன்றத்துக்கும் போகலாம். 2014இல் நவல் கிஷோர் சர்மா வழக்கில், பீகாரில் சொந்த ஊரில் இருந்தவருக்கு மறுப்புக் கடிதம் அங்கேயே வந்து சேர்ந்ததையும் கணக்கில் எடுத்து, பாட்னா உயர்நீதிமன்றமே விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால்தான் அந்தப் பூச்சி அரித்த கவர்.

எல்லையில் இருக்கும் நமக்கு இது இன்னும் முக்கியம். ஒரே குடும்பத்தில் அண்ணன் பரதராமியிலும் தம்பி சித்தூர் பக்கமும் இருப்பது இங்கே சகஜம். சர்வீஸ் புக்கில் ஆந்திர முகவரி இருந்து, கடிதமும் அங்கேயே போயிருந்தால் அமராவதியில் இருக்கும் ஆந்திர உயர்நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். அது 2019 ஜனவரி முதல் தனி உயர்நீதிமன்றம். முன்பு போல ஹைதராபாத் கிடையாது. ராணுவம், கடற்படை, விமானப்படை ஆட்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளை தமிழ்நாடு, புதுச்சேரி, ஆந்திரா, தெலங்கானா எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். வேலையை விட்டு வந்தவர், தான் குடியிருக்கும் இடத்துக்கு உரிய கிளையிலேயே மனுப் போடலாம். பலமனேர்க்காரரும் குடியாத்தக்காரரும் ஒரே வாசலுக்குப் போகலாம்.

யூனிஃபார்ம் எல்லாம் ஒன்றுதானே என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ராணுவத்துக்கும் மற்ற படைகளுக்கும் உள்ள வித்தியாசத்தை ஐயா ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டுக் காட்டினார். ராணுவத்தில் கோர்ட் மார்ஷல், அதாவது ராணுவத்தின் சொந்த விசாரணை மன்றம், கொடுத்த தண்டனையை எதிர்த்து 1950ஆம் வருஷ ராணுவச் சட்டத்தின் 164ஆம் பிரிவில் மனுப் போடலாம். அதற்குப் பிறகு தீர்ப்பாயம். இந்தத் தீர்ப்பாயமே சும்மா வந்துவிடவில்லை. 1982இல் பிரிதி பால் சிங் பேடி வழக்கில், கோர்ட் மார்ஷலுக்கு மேல் சரியான ஓர் அப்பீல் வழி இல்லாமல் இருப்பதை உச்ச நீதிமன்றம் வருத்தத்தோடு சுட்டிக்காட்டியது. சட்டம் வந்தது 2007இல், தீர்ப்பாயம் திறந்தது 2009இல். அந்தச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. நீங்கள் மேலே கொடுத்த மனுவுக்கு ஆறு மாதத்தில் இறுதி உத்தரவு வராவிட்டால், அந்த வழியை முயன்று முடித்துவிட்டதாகவே எடுத்துக்கொண்டு தீர்ப்பாயத்துக்குப் போய்விடலாம். அதற்கு மேல் இன்னும் ஆறு மாதம்தான் கெடு என்பதையும் மறந்துவிடக் கூடாது. 22ஆம் பிரிவு அது.

எல்லைப் பாதுகாப்புப் படைக்கு இந்தத் தீர்ப்பாயம் கிடையாது. 1968ஆம் வருஷத்து அவர்கள் சட்டம், ராணுவச் சட்டத்தைப் பார்த்து எழுதினது போலவே இருக்கும். கோர்ட் உண்டு, கமாண்டன்ட் உண்டு, 117ஆம் பிரிவில் மனுவும் உண்டு. இந்தோ திபெத் எல்லைக் காவல் படைக்கு (ஐடிபிபி) 1992இலும், சசஸ்திர சீமா பலுக்கு (எஸ்எஸ்பி) 2007இலும் இதே மாதிரிச் சட்டங்கள் வந்தன. தண்டனை ராணுவ பாணியில் வருகிறது, ஆனால் ராணுவத்துக்குக் கொடுத்த தீர்ப்பாயம் இவர்களுக்கு இல்லை. மனு அசையவில்லை என்றால் உயர்நீதிமன்றம் ஒன்றுதான் வழி. சிஆர்பிஎஃப், அதாவது மத்திய ரிசர்வ் போலீஸ் படை, கதை கொஞ்சம் வேறு. அங்கே 1955ஆம் வருஷ விதிகளில் 28ஆம் விதிப்படி 30 நாளுக்குள் அப்பீல் போட வேண்டும். போடுகிறவருக்கு 30 நாள் என்று கறாராக எழுதியிருக்கிறது. நடைமுறையில் பதில் சொல்கிறவர் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்கிறார். இந்த ஏற்றத்தாழ்வைப் பற்றிப் பேசும்போது ஐயாவுக்குக் குரலே மாறிவிடும். எனக்கும்தான்.

ஆர்டிஐ போட்டு நிலவரம் கேட்கலாமே என்று நான் கேட்டேன். 10 ரூபாய்தானே கட்டணம். ராணுவம் என்றால் போடலாம், அங்கிருந்து பதில் வர வாய்ப்பு உண்டு. எல்லைப் பாதுகாப்புப் படை, சிஆர்பிஎஃப், ஐடிபிபி, மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையான சிஐஎஸ்எஃப், எஸ்எஸ்பி எல்லாம் தகவல் உரிமைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கின்றன. ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய தகவல் தவிர மற்றதற்கு 24ஆம் பிரிவைக் காட்டி மறுத்துவிடலாம். "அதுல நாளைக் கரைக்காதீங்க" என்றார் ஐயா. இதைச் சொல்லாமல் ஆர்டிஐ எழுதிக் கொடுத்து அதற்கும் காசு வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை.

அப்புறம் மனு எழுதும் வேலை. நான் ஒரு நோட்டில் தம்பி சேர்ந்த நாளில் இருந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அம்மா சாப்பிடாமல் கிடந்தது, தம்பி பார்டரில் பனியில் நின்றது, எல்லாம். ஐயா பொறுமையாக முழுக்கப் படித்தார். படித்துவிட்டு ஒரு தேதிப் பட்டியலை மட்டும் உருவி எடுத்தார். சேர்ந்த தேதி, குற்றச்சாட்டுத் தாள் கொடுத்த தேதி, கோர்ட் நடந்த தேதி, டிஸ்மிஸ் ஆர்டர், மனுப் போட்ட தேதி, அது போய்ச் சேர்ந்த தேதி, நினைவூட்டல்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்தத் தாளில் ஆதாரம் இருக்கிறது என்ற பக்க எண். ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிட்டது. ஜட்ஜுக்கு இது கையில் கிடைத்தால் மற்றதைக் கேட்க அவருக்கே தோன்றும் என்றார். எனக்கு முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. கோர்ட்டில் நடந்ததைப் பார்த்த பிறகு அவர் செய்தது சரி என்று ஒத்துக்கொள்கிறேன்.

என்ன கேட்பது என்பதில்தான் இவர்களுடைய தொழில் அறிவு தெரிகிறது. எனக்கு, தம்பியைத் திரும்ப வேலையில் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று ஆசை. மகள் மறுத்தார். அப்பீல் கிடக்கும்போது டிஸ்மிஸை ரத்து செய்யக் கேட்டால் வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும், அல்லது அப்பீல் முடியட்டும் என்று அனுப்பிவிடுவார்கள். முதலில் அப்பீலை முடிக்க வைப்போம் என்றார். ரிட் ஆஃப் மாண்டமஸ், அதாவது செய்ய வேண்டிய கடமையைச் செய் என்று அதிகாரிக்கு உத்தரவு. கோரிக்கையில் மூன்று விஷயம் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். குறிப்பிட்ட காலத்துக்குள் முடிக்க வேண்டும். மனுவில் சொன்ன ஒவ்வொரு காரணத்துக்கும் பதில் சொல்லி முடிக்க வேண்டும். முடிவை எழுத்தில் தம்பிக்குத் தெரிவிக்க வேண்டும்.

அந்த இரண்டாவதுதான் உயிர். காலக்கெடு மட்டும் வாங்கி வந்தால், கெடு முடியும் அன்று 'பரிசீலித்து நிராகரிக்கப்பட்டது' என்று ஒரு வரி டைப் அடித்து அனுப்பிவிட அவர்களுக்கு ஐந்து நிமிஷம் போதும். மேல்முறையீட்டைக் கேட்கும் அதிகாரி மனதைச் செலுத்திக் காரணத்தோடு முடிவெடுக்க வேண்டும் என்று 1986இலேயே ராம் சந்தர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது ரயில்வே ஊழியர் வழக்கு. காலம் பற்றி 1989இல் எஸ்.எஸ்.ரத்தோர் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்ந்து சொன்னார்கள், துறைசார்ந்த அப்பீல்களைச் சாதாரணமாக மூன்றில் இருந்து ஆறு மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று. இரண்டு தீர்ப்பையும் மனுவில் சேர்த்தார்கள். இவ்வளவு காலத்துக்கு முன்பே எழுதிவைத்துவிட்ட ஒன்றைச் செய்யச் சொல்லி ஒரு கான்ஸ்டபிள் குடும்பம் சென்னை வரை போக வேண்டியிருப்பது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

வழக்கு நம்பர் ஆவதற்கே கொஞ்ச நாள் பிடித்தது. ஏதாவது குறை சொல்லிக் கட்டு ரிட்டர்ன் ஆகும், சரிசெய்து திரும்பப் போட வேண்டும், அதெல்லாம் வழக்கம்தானாம். விசாரணைக்கு வந்த அன்று நான் ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்துப் போயிருந்தேன். எங்கள் கேஸ் கூப்பிட்டதும் முடிந்ததும் சில நிமிஷங்களில். மத்திய அரசு வக்கீல் பன்னிரண்டு வாரம் கேட்டார். மனு எப்போது போய்ச் சேர்ந்தது என்று நீதிபதி கேட்டார். வக்கீலம்மா அந்தத் தேதிப் பட்டியலைக் காட்டினார். எட்டு வாரம் என்று உத்தரவானது. டிஸ்மிஸ் சரியா தப்பா என்பதற்குள் போகாமல், மனுவைத் தகுதி அடிப்படையில் சட்டப்படி பரிசீலித்து, காரணங்களோடு, இந்த உத்தரவின் நகல் கிடைத்ததில் இருந்து எட்டு வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று.

'நகல் கிடைத்ததில் இருந்து' என்ற இடத்தை ஐயா சிவப்பு மையால் அடிக்கோடு போட்டுக் கொடுத்தார். கெடு தீர்ப்புச் சொன்ன நாளில் ஆரம்பிப்பதில்லை, நகல் அவர்கள் கையில் போய்ச் சேரும் நாளில்தான் ஆரம்பிக்கிறது. "கோர்ட் அனுப்பும்னு உட்காந்துடாதீங்கம்மா. நாமதான் அனுப்பணும், போய்ச் சேர்ந்ததுக்கு நம்மகிட்டதான் சாட்சி இருக்கணும்." சர்டிஃபைடு காப்பி வந்ததும் ஒரு கவரிங் லெட்டர் தயார் செய்தார். மேலே வழக்கு எண், உத்தரவுத் தேதி. நடுவில் காலக்கெடு சொல்லும் வரியை மட்டும் அப்படியே எடுத்துப் போட்டார். கீழே தம்பியின் ரெஜிமென்டல் நம்பர், மனுவின் தேதி. எதிர்மனுதாரர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஸ்பீட் போஸ்ட், அதே நாளில் அலுவலக மின்னஞ்சலுக்கும். டெலிவரி ஆனதும் டிராக்கிங் பக்கத்தை அன்றைக்கே பிரிண்ட் எடுத்துக் கட்டில் தைத்தார். நாள் கழித்துத் தேடினால் அது இணையத்தில் இருக்காது என்றார். கட்டின் மேல் அட்டையில் கெடு முடியும் தேதியைப் பெரிதாக எழுதினார். உத்தரவு வாங்கின குடும்பங்கள் கோட்டை விடும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். தீர்ப்பு வாங்கியாச்சு என்ற நிம்மதியில் நகலைப் பூஜை அறையில் வைத்துவிடுகிறார்கள்.

எட்டு வாரம் கடந்தது, பதில் இல்லை. நான் உடனே கோர்ட் அவமதிப்பு வழக்குப் போடலாம் என்று குதித்தேன். போடலாம். 1971ஆம் வருஷச் சட்டப்படி ஆறு மாதம் வரை வெறுங்காவல், 2,000 ரூபாய் வரை அபராதம். ஒரு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். ஆனால் முதலில் நோட்டீஸ் கொடுப்போம், அவர்களும் கூடுதல் அவகாசம் கேட்டு மனுப் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்போம் என்று வக்கீலம்மா நிதானப்படுத்தினார். வேண்டுமென்றே மீறினார்கள் என்று காட்டினால்தான் அவமதிப்பு நிற்கும். நோட்டீஸ் போன கொஞ்ச நாளில் கவர் வந்தது.

நிராகரிப்பு.

மறைக்க எதுவும் இல்லை, அதனால் அப்படியே எழுதுகிறேன். கோர்ட் காலக்கெடு உங்களுக்கு ஒரு பதிலை வாங்கித் தரும். அது சாதகமான பதிலாக இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. கொடுப்பவரிடம் போகாதீர்கள். அன்று வீட்டில் யாரும் சமைக்கவில்லை. தம்பி ஒசூரில் இருந்து வந்து, அந்த மூன்று பக்கத்தையும் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தான்.

ஆனால் ஐயா அதைப் பார்த்தவிதம் வேறு. 'குற்றத்தை இவரே ஒப்புக்கொண்டார், ஆகவே குறை சொல்ல இடமில்லை' என்பதுதான் அவர்கள் கொடுத்த முக்கியக் காரணம். தம்பி மனுவில் முதல் புகாரே அதுதான். தான் ஒப்புக்கொள்ளவில்லை என்றும், ஒப்புதல் என்று எழுதியிருக்கும் தாளில் தன் கையெழுத்து இல்லை என்றும் சொல்லியிருந்தான். கோர்ட் நடவடிக்கை நகலில் அந்தப் பக்கம் எங்களிடம் இருக்கிறது. கேள்விகள் டைப் அடித்தது, பதில்கள் டைப் அடித்தது, கமாண்டன்ட் கையெழுத்து. தம்பியின் பெயருக்கு எதிரே வெள்ளையாக இருக்கிறது. மூன்று பக்க நிராகரிப்பில் அந்த வெற்றிடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. 2023இல் எல்லைப் பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவரின் வழக்கில் இதே போன்ற ஒப்புதல் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. தாளில் அவர் கையெழுத்து இல்லாததையும் சேர்த்துப் பார்த்து, டிஸ்மிஸை ரத்து செய்த டெல்லி உயர்நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் மாற்ற மறுத்துவிட்டது. "காரணம் எழுதுன்னு நாம கேட்டதால எழுதியிருக்காங்க. எழுதினதாலதான் எதுக்குப் பதில் இல்லைன்னு தெரியுது" என்றார். இரண்டாவது ரிட் இப்போது நம்பர் ஆகியிருக்கிறது. இந்த முறை டிஸ்மிஸையே ரத்து செய்யச் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.

சம்மரி கோர்ட் தீர்ப்பெல்லாம் உடையாது என்று ஊரில் சொல்பவர்களுக்காக ஐயா சொன்ன பழைய வழக்கு ஒன்றையும் எழுதிவிடுகிறேன். ரஞ்சித் தாக்கூர் என்ற ராணுவச் சிப்பாய், தன் மேலதிகாரி மீது புகார் எழுதியதற்காகத் தண்டனையில் இருந்தார். அப்போது சாப்பிடச் சொன்னதற்குச் சாப்பிட மறுத்தார் என்று சம்மரி கோர்ட் மார்ஷல் வைத்து, ஒரு வருஷம் கடுங்காவலும் டிஸ்மிஸும் கொடுத்தார்கள். தீர்ப்புச் சொல்ல அமர்ந்தவர்களில் அவர் யார் மேல் புகார் எழுதினாரோ அந்த அதிகாரியே இருந்தார். 1987இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பாரபட்சம் ஒரு காரணம், குற்றத்துக்குப் பொருந்தாத தண்டனை இன்னொரு காரணம். தம்பி இதைப் போனில் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு அந்தச் சிப்பாயின் பெயரை இன்னொரு முறை சொல்லச் சொன்னான்.

யார் இங்கே போக வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். நான் காத்திருந்த ஒரு மாலை, சித்தூர்ப் பக்கத்தில் இருந்து ஒரு பெரியவர் வந்தார். இருபது வருஷத்துக்கு முன் டிஸ்மிஸ் ஆனவர். அப்போது அப்பீல் போடவில்லை. இப்போது ஒரு மனு எழுதி அதற்குக் காலக்கெடு உத்தரவு வாங்க முடியுமா என்று கேட்டார். ஐயா தெலுங்கிலும் தமிழிலுமாகப் பொறுமையாக விளக்கினார். செத்துப்போன உரிமை புது மனுவால் உயிர் பெறாது, பழைய விஷயத்தைப் பரிசீலிக்கச் சொல்லி உத்தரவு வாங்கிக் கெடுவைப் புதுப்பித்துக்கொள்ள முடியாது என்று 2008இல் சி.ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. நம் தமிழ்நாட்டில் இருந்து போன வழக்கு அது. பெரியவரிடம் ஒரு பைசா வாங்காமல், வரவேண்டிய சேமநிதி எல்லாம் வந்துவிட்டதா என்று மட்டும் விசாரித்து அனுப்பினார். சரியான காலத்தில் அப்பீல் போட்டு, அது கிடப்பில் இருப்பவர்களுக்குத்தான் இந்த வழி.

இனி அந்த ஒரு நட்சத்திரம். தகவல் சொல்வதில் இவர்கள் மிகவும் மோசம். விசாரணைத் தேதி முந்தின நாள் ராத்திரிதான் தெரிய வந்தது. போனை எடுப்பதில்லை, எடுத்தாலும் ஐயாவுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. வக்கீலம்மா கோர்ட்டில் இருந்தால் பகலில் பிடிக்கவே முடியாது. தூரத்தில் இருந்து நம்பி ஒப்படைத்தவருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி எவ்வளவு ஆறுதல் என்பது இவர்களுக்கு இன்னும் புரியவில்லை. முகத்துக்கு நேரே சொன்னேன், எழுதவும் செய்கிறேன். மாடிப்படி செங்குத்து, கைப்பிடி கிடையாது. வயதான அம்மா அப்பாவை அழைத்துப் போகிறவர்கள் கீழே ஜெராக்ஸ் கடையில் சொன்னால் ஐயா இறங்கி வருவார்.

கட்டண விஷயத்தில் குறை இல்லை. மனு எழுதும் கூலி தனி, வக்கீல் ஃபீஸ் தனி, கோர்ட் செலவு தனி என்று முதலிலேயே தாளில் எழுதிக் கொடுத்தார்கள். ரசீது உண்டு. ஃபீஸைத் தவணையாக வாங்கிக்கொண்டார்கள். நிராகரிப்பு வந்த பிறகு இரண்டாவது ரிட்டுக்குப் பேப்பர் செலவு மட்டும் இப்போது கொடுங்கள் என்றார்கள்.

போகிறவர்கள் மாலை ஐந்து மணிக்கு மேல் போங்கள், ஞாயிறு லீவு. டிஸ்மிஸ் ஆர்டர், அது வந்த கவர், குற்றச்சாட்டுத் தாள், கோர்ட் நடவடிக்கை நகல், அப்பீல் மனு, அது போய்ச் சேர்ந்த அத்தாட்சி, நினைவூட்டல்கள், ஆதார் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். நடவடிக்கை நகல் இன்னும் வாங்கவில்லை என்றால் அதற்குத்தான் முதல் கடிதம் எழுதுவார். ஒரிஜினல் எதையும் கொடுத்துவிட்டு வராதீர்கள், அவரே வாங்க மாட்டார், கீழே ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு மேலே வரச் சொல்வார். பரதராமி, சித்தூர்ப் பக்கம் இருந்து வருகிறவர்கள் கடைசி பஸ் நேரத்தை முன்பே சொல்லிவிட்டால் உங்களை முதலில் பார்த்து அனுப்புவார்.